ராத் கணக்குக்குப் போகும் வழியில் பிடிபட்ட வரி

2024 மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தேன். சின்ன வேலைதான். அமெரிக்காவில் ஓய்வுக் காலத்துக்குப் பணம் சேர்க்கும் ஐஆர்ஏ கணக்கில் கிடந்த 7,000 டாலரை, அதன் இன்னொரு வகையான ராத் ஐஆர்ஏ கணக்குக்கு மாற்ற வேண்டும். நாலு திரை, நாலு சொடுக்கு, அவ்வளவுதான். புதன்கிழமை திறந்து பார்த்தால் ராத் கணக்கில் 6,300 டாலர் இருந்தது. மீதி 700 டாலரைக் காணவில்லை.

மூன்றாவது திரையில் ஒரு பெட்டி இருந்திருக்கிறது. மத்திய அரசு வரிப் பிடித்தம், 10 சதவீதம் என்று அதைக் கணக்கை வைத்திருக்கும் நிதி நிறுவனமே நிரப்பி வைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொடாமல் விட்டதுதான் தவறு.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இது நடந்திருக்கிறது. சிலர் பார்த்ததுமே பதறுகிறார்கள். சிலர், ‘வரிதானே, எப்படியும் கட்ட வேண்டியதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். இவர்களில் பதறுகிறவர் தேவலாம். ஏனென்றால் இந்தத் தவறைச் சரிசெய்ய 60 நாள் அவகாசம் உண்டு. பேசாமல் விட்டவருக்கு அந்த 60 நாளும் தெரியாமலே ஓடிவிடும்.

எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு?

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுக்கும் நிறுவனம் நடத்தும் ஓய்வுக் கணக்கு 401கே. நாமே ஒரு நிதி நிறுவனத்தில் திறந்துகொள்வது ஐஆர்ஏ. இதற்கு வழி செய்தது 1974ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கமான 401கே, வழக்கமான ஐஆர்ஏ இரண்டிலும் பெரும்பாலும் வருமான வரி கட்டாத பணம் சேர்கிறது. வயதான பிறகு எடுக்கும்போது வரி. ராத் ஐஆர்ஏ இதற்கு நேர்மாறு. வரி கட்டிய பணம் உள்ளே போகிறது; விதிப்படி காத்திருந்து எடுத்தால் வளர்ச்சிக்கும் சேர்த்து வரி இல்லை. 1997இல் சட்டமாகி 1998இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக வாதாடிய டெலவேர் மாநில செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

வழக்கமான கணக்கிலிருந்து ராத்துக்குப் பணத்தை நகர்த்துவதைத்தான் ராத் கன்வர்ஷன் என்கிறார்கள். ஒரு காலத்தில் ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்கு மேல் இருந்தால் இதைச் செய்ய முடியாது. 2010 முதல் அந்தத் தடை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும், அதற்கு வரி கட்ட வேண்டும். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் ஓய்வுக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் வழக்கமான வரிக்கு மேல் 10 சதவீத அபராத வரி உண்டு அல்லவா? ராத்துக்கு மாற்றும் பணத்துக்கு அந்த அபராதம் கிடையாது. இந்தக் கட்டுரையில் வரும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் இருக்கிறது.

பிடித்தம் வேறு, வரி வேறு

இந்தியாவில் வைப்பு நிதி வட்டியில் டிடிஎஸ் பிடிப்பார்கள். பிடித்ததோடு நம் வரி தீர்ந்தது என்று யாரும் நினைப்பதில்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, அதிகம் பிடித்திருந்தால் திரும்ப வாங்குகிறோம், குறைவாகப் பிடித்திருந்தால் மேற்கொண்டு கட்டுகிறோம். அமெரிக்காவிலும் அதே கதைதான். ஐஆர்ஏயிலிருந்து பணம் வெளியேறும்போது நிறுவனம் 10 சதவீதத்தைப் பிடித்து, வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு நம் பெயரில் முன்பணமாக அனுப்புகிறது. அது உங்கள் வரி விகிதம் அல்ல. உங்கள் விகிதம் 12 ஆக இருக்கலாம், 24 ஆக இருக்கலாம். அது நிறுவனத்துக்குத் தெரியாது. எதுவும் சொல்லாதவருக்கு 10 என்று சட்டம் ஒரு எண்ணை வைத்திருக்கிறது.

ஆனால் இந்தப் பத்து கட்டாயமும் அல்ல. டபிள்யூ-4ஆர் என்ற படிவத்தில் பூஜ்ஜியம் முதல் 100 வரை நீங்கள் விரும்பும் சதவீதத்தை எழுதலாம். இணையத்தில் மாற்றும்போது வரும் அந்தப் பெட்டி இந்தப் படிவத்தின் திரை வடிவம்தான். பூஜ்ஜியம் என்று போடாமல் மேலே போனால், பத்து.

முன்பணம்தானே, வரியில் கழிந்துவிடுமே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பணம் ஐஆர்எஸ்ஸிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எந்தப் பையிலிருந்து போனது என்று பாருங்கள். சம்பளத்தில் பிடிக்கும்போது போவது செலவுப் பணம். இங்கே போனது ஓய்வுக் காலப் பணம். ராத்துக்குப் போய்ச் சேராத அந்தத் தொகை, சட்டத்தின் கண்ணில் கன்வர்ஷன் அல்ல. நீங்கள் அதைக் கையில் வாங்கிச் செலவழித்ததாகத்தான் பொருள்.

45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐஆர்ஏயில் இருந்த 50,000 டாலரை மாற்றுகிறார், அத்தனையும் வரி கட்டாத பணம். 5,000 டாலர் பிடித்தம் போக ராத்தில் 45,000 சேர்கிறது. அவருடைய வரி விகிதம் 22 சதவீதம். 50,000க்கும் வருமான வரி 11,000 டாலர். ராத்தில் சேராத 5,000 டாலர், வயதுக்கு முன் எடுத்த பணம் ஆகிவிட்டதால் அதற்கு 10 சதவீத அபராதம் 500 டாலர். கலிஃபோர்னியாவில் இருந்தால் மாநிலமும் தன் பங்குக்கு இரண்டரை சதவீதம், 125 டாலர், அபராதம் கேட்கும். ஒரு பெட்டியைத் தொடாததற்கு 625 டாலர்.

அவருக்கு 62 வயது என்று வைத்துக்கொண்டால் அபராதம் இல்லை. ஆனாலும் 5,000 டாலருக்கு ராத்தில் இருந்திருக்கக்கூடிய இடம் போனது போனதுதான். இருபது ஆண்டு வரியில்லாமல் வளர்ந்திருக்க வேண்டிய பணம் அது. அபராதத்தைவிட எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அபராதத்துக்காவது ஒரு படிவத்தில் ஓர் எண் உண்டு, இந்த இழப்பு எந்தப் படிவத்திலும் வராது.

60 நாளுக்குள் செய்ய வேண்டியது

முதல் வேலை தொலைபேசி. பிடித்த பணம் இன்னும் ஐஆர்எஸ்ஸுக்குப் போகவில்லை என்றால், கன்வர்ஷனையே திருத்தித் தரும் நிறுவனங்கள் உண்டு. அது ஓரிரு நாளில் கேட்பவருக்குக் கிடைக்கும் சலுகை. உரிமை என்று வாதாட முடியாது. நான் புதன்கிழமை பிற்பகல் அழைத்தபோது, ‘அனுப்பிவிட்டோம் ஐயா, இனி எங்கள் கையில் இல்லை’ என்றார் ஒரு பெண். குரலில் வருத்தம் இருந்தது. ஒரு நாளில் எத்தனை பேருக்கு அதைச் சொல்கிறாரோ.

பரவாயில்லை. அந்தப் பணம் திரும்பி வரவே தேவையில்லை. பிடிபட்ட அதே அளவு தொகையை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து, பணம் வெளியேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் ராத்தில் போட்டுவிட்டால் போதும். டாலருக்குப் பெயர் எழுதியிருப்பதில்லை. நம் 45 வயதுக்காரர் 5,000 டாலரைச் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டார் என்றால் கணக்கு இப்படி மாறுகிறது. கன்வர்ஷன் முழு 50,000. அபராதம் இல்லை. வரி அதே 11,000. அதில் பிடித்த 5,000 ஏற்கெனவே கட்டியதாக நிற்கும், மீதி 6,000 கட்ட வேண்டும். அவர் கையிலிருந்து 5,000 போனது உண்மைதான். ஆனால் அது எப்படியும் வரியாகப் போயிருக்க வேண்டிய பணம். பிடித்தமே இல்லாமல் மாற்றியிருந்தால் இதே 11,000ஐயும் வங்கிக் கணக்கிலிருந்துதானே கட்டியிருப்பார்?

நாள் எண்ணுவதில் கவனம் வேண்டும். இரண்டு மாதம் என்று கணக்கு வைக்கக் கூடாது. மார்ச் 3 அன்று பணம் வந்தால் அறுபதாவது நாள் மே 2. மே 3 அன்று போட்டால் செல்லாது. சனி ஞாயிறும் கணக்கில் உண்டு. வங்கியிலிருந்து பணம் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகலாம் என்பதால், ஐம்பதாவது நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் போடும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ராத் கணக்கில் பணம் போடப் போனால், இது என்ன பணம் என்று திரை கேட்கும். இந்த ஆண்டுக்கான பங்களிப்பு, சென்ற ஆண்டுக்கான பங்களிப்பு, 60 நாள் ரோல்ஓவர் (ஓய்வுக் கணக்கிலிருந்து வெளியேறிய பணத்தை 60 நாளுக்குள் ஓய்வுக் கணக்கில் போடுவது) என்று தேர்வுகள் வரும். முதலில் இருப்பதை அழுத்திவிட்டால் உங்கள் 5,000 டாலர் அந்த ஆண்டின் சாதாரணப் பங்களிப்பாகப் பதிவாகும். அதற்கோ உச்சவரம்பு உண்டு. 2025இல் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 7,000 டாலர், மேலே உள்ளவர்களுக்கு 8,000. ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டவர் என்றால் மேலே போட்டதெல்லாம் அதிகப்படி. எடுக்காமல் விட்டால் ஆண்டுதோறும் 6 சதவீதம் தண்ட வரி. ஒரு ஓட்டையை அடைக்கப்போய் இன்னொன்று. திரையில் சரியான தேர்வு தெரியவில்லை என்றால் அழைத்துச் சொல்லுங்கள்: ‘ராத் கன்வர்ஷனில் பிடிக்கப்பட்ட வரிக்கு ஈடாக, 60 நாளுக்குள் போடும் பணம் இது. ஆண்டுப் பங்களிப்பு அல்ல.’ அவர்களுக்குப் புரியும்.

ஓர் ஐஆர்ஏயிலிருந்து எடுத்து இன்னொன்றில் 60 நாளுக்குள் போடுவது 12 மாதத்துக்கு ஒருமுறைதான் என்று ஒரு விதி இருப்பதைச் சிலர் படித்திருப்பார்கள். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ராத்துக்குப் போகும் கன்வர்ஷன் அந்த எண்ணிக்கையில் சேராது. பணத்தை ராத்தில் போடாமல் பழைய ஐஆர்ஏயிலேயே திருப்பிப் போட நினைத்தால்தான் அந்த விதி குறுக்கே வரும்.

முழுத் தொகையும் கையில் இல்லையென்றால் முடிந்ததைப் போடலாம். 5,000இல் 3,000 போட்டால் 3,000க்கு அபராதம் இல்லை, மிச்சம் 2,000க்கு உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி, ஆண்டின் மிச்ச மாதங்களில் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்வது. ஐஆர்எஸ்ஸிடம் ஏற்கெனவே 5,000 போயிருக்கிறது அல்லவா, அந்த அளவுக்குச் சம்பளம் கூடுதலாகக் கைக்கு வரும். ஆனால் கன்வர்ஷனுக்கான மீதி வரியை மறந்துவிட்டு இதைச் செய்தால் ஏப்ரலில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது விழிக்க வேண்டியிருக்கும்.

401கேயில் காசோலை வீட்டுக்கு வந்தால்

வேலை மாறும்போது பழைய நிறுவனத்தின் 401கேயை எடுத்து வேறிடம் போடுகிறவர்களுக்கு இதே சிக்கல் இரண்டு மடங்காக வரும். இங்கே பிடித்தம் 20 சதவீதம். பணத்தை உங்கள் பெயரில் காசோலையாகக் கேட்டால் அந்த 20 கட்டாயம். பூஜ்ஜியம் என்று எழுதித் தப்ப முடியாது. 1993 முதல் இதுதான் விதி.

1,00,000 டாலர் கணக்கு. காசோலை 80,000க்கு வருகிறது. முழுத் தொகையையும் காப்பாற்ற வேண்டுமென்றால் 60 நாளுக்குள் 20,000 டாலரைக் கையிலிருந்து போட்டு ஒரு லட்சமாக்க வேண்டும். பிடித்த 20,000 திரும்ப வருமா? வரும், அடுத்த ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகு, தேவைக்கு அதிகமாகப் பிடித்திருந்தால். ஜூலையில் வேலை மாறியவருக்கு அது மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். அவகாசமோ செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. வேலை மாறிய சமயத்தில் 20,000 டாலரைச் சும்மா வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நல்ல எண்ணத்தோடு எழுதிய விதியாக இருக்கலாம். நடைமுறையில் அது ஒரு பொறி.

தப்பும் வழி எளியது. நேரடி ரோல்ஓவர் கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பணம் போனால் கட்டாயப் பிடித்தம் கிடையாது. சில நிறுவனங்கள் நேரடி ரோல்ஓவரையும் காசோலையாக அச்சடித்து உங்கள் வீட்டுக்கே அனுப்பும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். காசோலையில் பணம் பெறுபவர் யார் என்று பாருங்கள். புதிய நிதி நிறுவனத்தின் பெயர், ‘இன்னார் நலனுக்காக’ என்று அதன் கீழே உங்கள் பெயர் என்றிருந்தால் அது நேரடி ரோல்ஓவர்தான். அப்படியே எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம். உங்கள் பெயர் மட்டும் இருந்தால்தான் 20 சதவீதம் போயிருக்கும், 60 நாள் ஓடத் தொடங்கியிருக்கும்.

401கேயிலிருந்து நேராக ராத் ஐஆர்ஏக்கும் போகலாம். பிடித்தம் இல்லாவிட்டாலும் முழுத் தொகையும் அந்த ஆண்டு வருமானம் ஆகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

60 நாள் தாண்டிவிட்டால்

இங்கே நல்ல செய்தி குறைவு. நிதி நிறுவனமே தவறு செய்திருந்தால், காசோலை எங்கோ தவறிக் காசாக்கப்படாமலே கிடந்திருந்தால், வீடு கடுமையாகச் சேதமாகியிருந்தால், குடும்பத்தில் மரணமோ கடும் நோயோ நேர்ந்திருந்தால், தபாலில் பிழை நடந்திருந்தால், இன்ன காரணத்தால் தாமதமானது என்று நீங்களே சான்றளித்துப் பணத்தைப் போட ஐஆர்எஸ் 2016இல் ஒரு வழி திறந்தது. 2020இல் அதைப் புதுப்பித்தார்கள். கட்டணம் இல்லை. மாதிரிக் கடிதத்தை ஐஆர்எஸ்ஸே தருகிறது. அதை நிரப்பி, பணத்தை வாங்கும் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். தடை நீங்கிய 30 நாளுக்குள் போட்டுவிட்டால் காலம் கடத்தியதாகச் சொல்ல மாட்டார்கள்.

பூஜ்ஜியம் என்று நீங்கள் குறித்தும் நிறுவனம் பிடித்திருந்தால் இந்தப் பட்டியலில் இடம் உண்டு. அதனால்தான் கடைசித் திரையைப் படமெடுத்து வைக்கச் சொல்கிறேன். ‘பெட்டியைக் கவனிக்கவில்லை’ என்பதற்குப் பட்டியலில் இடமில்லை. அப்படிப்பட்டவருக்கு மிச்சமிருப்பது தனித் தீர்ப்புக் கேட்டு ஐஆர்எஸ்ஸுக்கு விண்ணப்பிப்பது. அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். 625 டாலர் அபராதத்துக்காக யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

கன்வர்ஷனையே ரத்து செய்துவிட முடியாதா என்று கேட்பவர்கள் பழைய கட்டுரை எதையோ படித்திருக்கிறார்கள் என்று பொருள். 2017 வரை அப்படி ஒரு வசதி இருந்தது. மாற்றிய பணத்தை அடுத்த அக்டோபர் வரை திருப்பிக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2018 முதல் மாற்றியது மாற்றியதுதான்.

என்னுடைய 700 டாலர்

நான் செய்தது பேக்டோர் ராத் எனப்படும் சுற்றுவழி. மாற்றுவதற்கு இல்லாவிட்டாலும் நேரடிப் பங்களிப்புக்கு இன்னும் இருக்கும் வருமான வரம்பால் ராத்தில் நேரடியாகப் பணம் போட முடியாதவர்கள், வரிச் சலுகை கேட்காமல் வழக்கமான ஐஆர்ஏயில் பணம் போட்டு, அதை உடனே ராத்துக்கு மாற்றுவார்கள். நம்மவர்களில் கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீடுகளில் இது ஆண்டுச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

இதில் பிடித்தம் என்பதே அபத்தம். 7,000 டாலரும் ஏற்கெனவே வரி கட்டிய பணம். கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம், பிடித்ததோ 700. ஐஆர்எஸ்ஸுக்கு ஓராண்டு வட்டியில்லாக் கடன் கொடுத்த கதை. ஆறுதல் என்னவென்றால், வரி கட்டிய பணம் என்பதால் ராத்தில் சேராத 700க்கு அபராதமும் இல்லை. வரிக்கு உட்படும் பகுதிக்குத்தான் அபராதம். எனக்கு நஷ்டம் ராத்தில் 700 டாலர் இடம் மட்டும். நாற்பதாவது நாள் வங்கியிலிருந்து 700 போட்டேன். அடுத்த ஆண்டு வரிக் கணக்கில் அந்த 700 எனக்குச் சேர வேண்டிய தொகையில் சேர்ந்து வந்தது.

ஆனால் பழைய 401கேயை ஐஆர்ஏக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆறுதல் கிடையாது. உங்கள் வழக்கமான ஐஆர்ஏக்கள் எத்தனை இருந்தாலும் சட்டம் அவற்றை ஒரே பானையாகப் பார்க்கிறது. வரி கட்டாத 63,000 டாலர் ஒரு பக்கம், வரி கட்டிய 7,000 மறுபக்கம் என்றால் பானையில் வரி கட்டியது பத்தில் ஒரு பங்கு. எந்த 7,000ஐ எடுத்தாலும் அதில் 700க்குத்தான் வரி இல்லை, 6,300க்கு உண்டு. உப்புக் கரைத்த தண்ணீரில் உப்பில்லாத ஒரு கரண்டி மொள்ள முடியாது.

ஜனவரியில் வரும் 1099-ஆர்

தவறைச் சரிசெய்த பலர் தடுமாறும் இடம் இது. மறு ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் நிதி நிறுவனம் 1099-ஆர் படிவம் அனுப்பும். 1ஆம் கட்டத்தில் வெளியேறிய மொத்தத் தொகை, 4ஆம் கட்டத்தில் பிடித்த மத்திய வரி, 7ஆம் கட்டத்தில் ஒரு குறியீடு. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு உட்பட்டவர் ராத்துக்கு மாற்றியதற்குக் குறியீடு 2. வயதுக்கு முன் எடுத்த பணத்துக்குக் குறியீடு 1. நம் 45 வயதுக்காரருக்கு 45,000க்கு 2 என்று ஒரு படிவமும், 5,000க்கு 1 என்று இன்னொரு படிவமும் வரலாம். ‘நான்தான் 5,000ஐத் திருப்பிப் போட்டுவிட்டேனே, ஏன் இன்னும் 1?’ என்று கோபம் வரும். பணம் வெளியேறிய பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத, அதை அனுப்பிய நிறுவனத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சொல்லும் இடம் வரிக் கணக்கோடு சேர்க்கும் 8606 படிவம். அதன் இரண்டாம் பகுதியில் 16ஆம் வரிசையில் மாற்றிய தொகை 50,000 என்று எழுத வேண்டும், 45,000 அல்ல. வரி மென்பொருளும் இதையே வேறு விதமாகக் கேட்கும்: ‘இதில் எவ்வளவு ராத்துக்கு மாற்றினீர்கள்?’ 1099-ஆரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னால் தவறிவிடும். ராத் கணக்கு அறிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள். பிடித்த 5,000 டாலர், ஆண்டு வரிக் கணக்கான 1040 படிவத்தின் 25பி வரிசையில் போய் உட்காரும். அது விடுபட்டால் கட்டிய வரியை மறுபடி கட்டுவீர்கள். திருப்பிப் போடாமல் விட்டவர்கள் 16ஆம் வரிசையில் 45,000 எழுதி, அபராதத்துக்கு 5329 படிவத்தைப் பார்க்க வேண்டும்.

மே மாத இறுதிக்குள் ராத் வைத்திருக்கும் நிறுவனம் 5498 என்று ஒரு படிவம் அனுப்பும். நீங்கள் போட்ட பணம் பங்களிப்பாகப் பதிவாகியிருக்கிறதா, கன்வர்ஷனாகவா என்று அதில் தெரிந்துவிடும். பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை, ஏனென்றால் அதற்குள் வரிக் கணக்குத் தாக்கல் முடிந்திருக்கும். திறந்து பாருங்கள்.

பூஜ்ஜியம் போட்ட பிறகு

சரி, அடுத்த முறை பிடித்தம் பூஜ்ஜியம் என்று கவனமாகப் போட்டுவிட்டீர்கள். மாநில வரிக்குத் தனிப் பெட்டி இருந்தால் அதிலும் பூஜ்ஜியம். டெக்ஸஸ், ஃப்ளோரிடா மாதிரி வருமான வரியே இல்லாத மாநிலத்தில் அந்தக் கவலை இல்லை. இப்போது 11,000 டாலர் வரி பாக்கி நிற்கிறது, யாரும் பிடிக்கவில்லை. ஏப்ரல் 15 வரை காத்திருக்கலாமா?

பலர் காத்திருக்கலாம். சென்ற ஆண்டு மொத்த வரி எவ்வளவோ அந்த அளவு இந்த ஆண்டு சம்பளத்திலேயே பிடித்திருந்தால், எவ்வளவு பாக்கி இருந்தாலும் குறைவாகக் கட்டியதற்கான அபராதம் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 100க்குப் பதில் 110 சதவீதம். அந்த அளவுக்கும் வரவில்லை, இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமும் தேறவில்லை என்றால் காலாண்டு முன்வரி கட்ட வேண்டும். அதன் நாட்கள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, மறு ஆண்டு ஜனவரி 15. கட்டத் தவறினால் வருவது வட்டி மாதிரியான அபராதம். 2025இல் ஆண்டுக்கு 7 சதவீதம்.

எனக்குப் பிடித்த வழி டபிள்யூ-4 படிவத்தின் 4சி வரிசை. சம்பளத்தில் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று அதில் எழுதலாம். ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கும் வரியை, எந்த மாதத்தில் பிடித்திருந்தாலும், ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்கிறது. நவம்பரில் கன்வர்ஷன் செய்து, கடைசி மூன்று சம்பளத்தில் பெரிய தொகை பிடிக்கச் சொன்னாலும் முந்தைய காலாண்டுகளுக்கு அபராதம் கேட்க முடியாது. நாமே அனுப்பும் காலாண்டு வரிக்கு இந்தச் சலுகை இல்லை. கட்டிய நாள்தான் கணக்கு.

ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக ஆகிவிட்டவருக்கு டபிள்யூ-4ஆர் படிவமும் இந்தப் பத்து சதவீதமும் பொருந்தாது. அவருக்குப் பொதுவான பிடித்தம் 30 சதவீதம். வரும் படிவம் 1099-ஆர் அல்ல, 1042-எஸ். தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு 50,000 டாலரை மாற்றினால் 35,000 போய்ச் சேரும், விடுபட்ட 15,000க்குக் கையிலிருந்து டாலர் அனுப்ப வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இருக்கும்போதே எவ்வளவு மாற்றுவது என்று முடிவு செய்வதற்கு இது ஒரு நல்ல காரணம். திரும்பிய பிறகு செய்வதென்றால் இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

2025 மார்ச்சில் மறுபடி அதே நாலு திரை. மூன்றாவது திரை வந்ததும் நின்றேன். பத்து அங்கேயே இருந்தது, என்னை நினைவில் வைத்திருந்த மாதிரி. அழித்துப் பூஜ்ஜியம் போட்டு, திரையைப் படமெடுத்து, பிறகுதான் நாலாவதற்குப் போனேன். காப்பி ஆறிவிட்டது.